புள்ளிக்கோடு

“ஞாயித்துக்கிழமைய மட்டும் எனக்குக் குடு. மத்த ஆறு நாளையும் நீயே வச்சுக்கோ,” என்றான் அவன்.

“ஆறு நாளும் நீங்க ஆபீஸ்ல இருப்பீங்க. அதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?”

“சாயங்காலம் வந்துடுவேன்ல?”

“வந்து?”

“வந்து உன் முகத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். போதுமா?”

கல்யாணமான புதிதில் மொட்டை மாடியில் நடந்த பேச்சு அது. ஈரப் போர்வையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவனும் பிடித்து, எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கிப் பிழிந்துகொண்டே பேசினார்கள். அவன் தொலைநிலைப் பல்கலைக்கழகத்தின் தலைமையகத்தில், திட்டப் பிரிவில் அப்போதுதான் சேர்ந்திருந்தான். நகரத்தின் மறுகோடியில் இருந்த படிப்பு மையத்தில் வகுப்பெடுக்கிற பாட ஆலோசகர் சொல்லாமல் கொள்ளாமல் விலகிவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. மாணவர்கள் வெளியூரிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற மனைவியின் ஞாபகம் அவனுக்கு வந்ததில் தப்பில்லை. போர்வையிலிருந்து தண்ணீர் அவன் காலில் கொட்டியது. அவன் நகரவில்லை.

“கொஞ்ச நாள்தான். தலைமையகத்துல ஆலோசகர்களுக்குன்னே ஒரு முழுநேர வேலை வரப்போகுது. அவங்களுக்குப் பயிற்சி குடுக்க, மாணவர்கள் குறையைக் கேக்க. வெளியிலேர்ந்து எடுக்க மாட்டாங்க. நம்ம ஆலோசகர்கள்லேர்ந்துதான் எடுப்பாங்க. அது வந்தா முதல்ல உன்கிட்டதான் சொல்வேன்.”

முதல்ல உன்கிட்டதான். அந்த வார்த்தைகளை அவள் அன்று போர்வையோடு சேர்த்துக் கொடியில் போட்டாள். போர்வை சாயங்காலமே காய்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு மகள் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்புக்கு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அவன் கேட்டபடியே அவனுக்குப் போயின. நாத்தனார் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்த கையோடு பட்டுப்புடவையிலேயே ஓடிப்போய் வகுப்பெடுத்தாள். “இவ என் மகனுக்கா வாக்கப்பட்டா? ஞாயித்துக்கிழமைக்கு வாக்கப்பட்டவ,” என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அந்த வேலை மட்டும் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் புது மாணவர்கள் சேரும் சமயத்தில் ஒரு கேள்வி அவள் தொண்டைவரை வரும். கேட்டால் அவனை நம்பாத மாதிரி ஆகிவிடுமே என்று உள்ளே தள்ளிவிடுவாள். முதல்ல உன்கிட்டதான் என்று சொன்னவனிடம் போய், என்ன ஆச்சு என்று கேட்பது என்ன மரியாதை?

“அம்மா, நீ ஏன் அப்பாகிட்ட நேரா எதையும் கேக்க மாட்டேங்கற?” என்று மகள் ஒருமுறை கேட்டிருந்தாள். “கடைக்காரர்கிட்ட கேக்கற, டாக்டர்கிட்ட கேக்கற, பஸ்ல சீட்டுக்குக்கூட சண்டை போடற. அப்பாகிட்ட மட்டும் சுத்தி வளைக்கற.”

“போய்ப் படிடி,” என்றாள் இவள்.

இன்று புதுக் கல்வி வருஷத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டாள். படிப்பு மையம் என்று தனியாகக் கட்டிடம் எதுவும் கிடையாது. வாரம் முழுக்க வேறு யாருடைய கல்லூரியாகவோ இருக்கிற இடம், ஞாயிற்றுக்கிழமை மட்டும் இவர்களுக்கு இரவல். நீளமான கூடம், நாற்காலிகள், முன்னால் ஒரு பெரிய திரை, அதன் பக்கத்தில் கரும்பலகை. பலகை முழுக்க யாரோ கணக்குப் போட்டு, கீழே ‘அழிக்காதீர்கள்’ என்று எழுதி, கோபத்தில் இரண்டு கோடு வேறு இழுத்திருந்தார்கள். அவள் எப்போதும் பலகையின் ஓரத்தில், ஒரு கைக்குட்டை அளவு இடத்தில்தான் எழுதுவாள். சாயங்காலம் அதையும் துடைத்துவிட்டு, நாற்காலிகளைப் பழையபடி நகர்த்திவிட்டு, திங்கட்கிழமை வருகிறவர்களுக்கு இப்படி ஒரு கூட்டம் வந்துபோனது தெரியாதபடி பூட்டிவிட்டுப் போக வேண்டும். அதை நன்றாகச் செய்வதில் அவளுக்கு ஒரு பெருமையும் இருந்தது.

மையத்தின் உதவியாளரை எல்லோரும் சாவியண்ணன் என்பார்கள். இடுப்பில் அத்தனை சாவிகள். நடந்தால் கோயில் மாடு வருகிற மாதிரி சத்தம் கேட்கும்.

“மேடம், இன்னிக்கு நம்ம சார்தான டிவியில?” என்றார், நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டே.

“ஆமாண்ணே. தொடக்க நிகழ்ச்சி. வருஷா வருஷம் அவர்தான.”

“வீட்லயும் அவரு பேச்சு, இங்கயும் அவரு பேச்சு. உங்களுக்குக் காதுக்கு லீவே இல்ல.”

“வீட்ல எங்கண்ணே பேசறாரு? பேசணும்னா நானே இங்க வந்துதான் கேட்டுக்கணும்.”

சாவியண்ணன் சிரித்துக்கொண்டே திரையைப் போட்டார். பல்கலைக்கழகத்தின் சின்னம் மட்டும் நீலப் பின்னணியில் அசையாமல் நின்றது. தலைமையகத்து ஸ்டுடியோவிலிருந்து படமும் குரலும் ஒரே சமயத்தில் எல்லா மையங்களுக்கும் போகும். மையத்திலிருந்து பேச வேண்டுமானால் மேஜையில் இருக்கிற மைக்கின் பச்சைப் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். அந்தக் குரல் எங்கெங்கோ சுற்றி ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர அரை நிமிஷம்கூட ஆகும். அங்கிருந்து பதில் வருவதற்கும் அப்படியே. புதிதாக வருகிறவர்களுக்கு இது பழகாது. கேட்டுவிட்டுப் பதில் வரவில்லையே என்று மறுபடி கேட்பார்கள். அதற்குள் பதில் வந்து, இரண்டும் மோதி, யாருக்கும் எதுவும் புரியாமல் போய்விடும். வருஷம் தவறாமல் அவள் சொல்லித் தருகிற முதல் பாடமே இதுதான்: ஒரு தடவை சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்துங்க. திரையில அவங்க முகத்தைப் பாருங்க. முகம் மாறுச்சுன்னா உங்க குரல் போய்ச் சேந்துடுச்சுன்னு அர்த்தம்.

நிகழ்ச்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது திரையிலிருந்து கரகரவென்று சத்தம் வந்தது. யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள். யாரோ தொண்டையைச் செருமுகிறார்கள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டுடியோவில் படத்தைத் திறக்காமல் மைக்கை மட்டும் முன்னாலேயே திறந்துவிட்டார்கள். இது அடிக்கடி நடக்கிற கூத்துதான். போன வருஷம் இரண்டு பேராசிரியர்கள் மூன்றாவது பேராசிரியரின் குறட்டையைப் பற்றிப் பேசியதை எல்லா மையங்களும் கேட்டன. அவள்தான் பொத்தானை அழுத்தி, “சார், நீங்க பேசறது இங்க கேக்குது,” என்று சொல்லி மானத்தைக் காப்பாற்றினாள்.

இன்றும் அதற்காகத்தான் மைக்கை எடுத்தாள். பொத்தான் மேல் விரலையும் வைத்துவிட்டாள்.

“அப்ப அந்த முழுநேர வேலைப் பட்டியல்லேர்ந்து உங்க வீட்டம்மா பேரை எடுத்துடவா?” என்றது ஒரு பெண் குரல். கல்விப்புலத் தலைவியின் குரல். கனத்த குரல், எதையும் பாதி கேலியாகவே கேட்கிற குரல்.

“எடுத்துடுங்க மேடம்.” அவன்.

“நல்லா கேட்டீங்களா? வீட்டுலதான இருக்காங்கன்னு நான் தனியா தபால்கூட அனுப்பல. மத்த எல்லாருக்கும் அனுப்பினோம். நீங்கதான் நான் கேட்டுச் சொல்றேன்னீங்க.”

“கேட்டேன் மேடம். அவளுக்கு ஞாயித்துக்கிழமை போதுமாம். தினம் வீட்டைப் போட்டுட்டு வர்றதுல இஷ்டமில்லைன்னு அவளே சொல்லிட்டா.” அவன் சிரித்தான். அன்பான சிரிப்பு. சின்னக் குழந்தை செய்ததைப் பக்கத்து வீட்டில் சொல்லுகிறபோது வருகிற சிரிப்பு. “அவ உலகமே வேற மேடம். வீடு, பொண்ணு, வாரம் ஒருநாள் வகுப்பு. அவ்வளவுதான்.”

“ஆச்சரியமா இருக்கு. நம்ம ஆலோசகர்கள்ல அவங்களுக்குதான் அனுபவம் அதிகம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தலைமையகத்துல இருக்கக் கூடாது, நீங்க வேற ஊரு மண்டல அலுவலகத்துக்குப் போகணும்னு ஒரு விதி இருக்கே, அதுக்காக இல்லையே?”

“ஐயோ, அதெல்லாம் இல்ல மேடம்.”

“அப்ப சரி. நாளைக்குக் குழுவுல அடுத்த பேரைப் போட்டுடறேன். அந்தச் சின்னப் பையன், போன வருஷம் சேந்தாரே, அவர்தான் இருக்காரு.”

“நல்ல பையன் மேடம்.”

“சார், சவுண்டு பாத்துடலாமா?” என்றது தூரத்தில் ஓர் ஆண் குரல். “சென்டர்ல யாரும் இன்னும் வந்திருக்க மாட்டாங்க.”

“ஆரம்பிங்க,” என்றான் அவன்.

உடனே குழலிசை கிளம்பி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

அவள் விரல் பொத்தான் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை. அவன் மானத்தைக் காப்பாற்றத் தூக்கிய விரல் அது. கூடத்தில் சாவியண்ணன் நின்றுகொண்டிருந்தார். ஒரு நொடி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டார்கள். அப்புறம் அவர் திடீரென்று, ஏற்கெனவே வரிசையாக இருந்த நாற்காலிகளை எல்லாம் கலைத்து, மறுபடி வரிசையாகப் போட ஆரம்பித்தார். சாவிகள் சத்தம், நாற்காலிகள் சத்தம். எனக்கு எதுவும் காதில் விழவில்லை என்பதை அவரால் அதைவிடச் சத்தமாகச் சொல்ல முடியாது.

கொஞ்சம் கழித்து, “மேடம், டீ வாங்கிட்டு வரட்டுமா?” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

“வேண்டாம்ணே.”

“தண்ணி?”

“வேண்டாம்ணே. பசங்க வந்துடுவாங்க.”

மைக்கை மேஜையில் வைத்தாள். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் வந்தது. சமையல் மேடை ஓரமாக நின்று அவன் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுளையிலும் நாரை எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் வாயில் ஊட்டினான். அவள் எதுவும் கேட்கவில்லை. அவனாகவேதான் சொன்னான்: “அந்த வேலை இந்த வருஷமும் வரலையாம்மா. பணம் ஒதுக்கலையாம்.” சொல்லிவிட்டு அடுத்த சுளையை நீட்டினான். அது இனித்தது. அதற்கு ஒரு வருத்தமும் காட்டாமல், “விடுங்க, எங்க போகப்போகுது,” என்றவள் இவள்தான். அவனைத் தேற்றியவள் இவள். தான் கேட்கவே இல்லாத கேள்வியைக் கேட்டதாகவும், அவள் சொல்லவே இல்லாத பதிலைச் சொன்னதாகவும் அவள் பெயரில் வேறொரு பெண்ணை உண்டாக்கி, அந்தப் பெண்ணைத் தலைவியிடம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறான். வீடு, பொண்ணு, வாரம் ஒருநாள் வகுப்பு. அந்தப் பெண்மேல் அவனுக்குப் பாசம் வேறு இருக்கிறது. குரலில் கேட்டதே.

வேற ஊருக்குப் போக முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு நாள் அழுதிருப்பாள். அப்புறம் அவளே வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லியிருப்பாள். அந்த வேண்டாம் அவளுடையதாக இருந்திருக்கும்.

மாணவர்கள் வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே முகம்தான். வாசலில் தயங்கி, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று அண்ணாந்து பார்த்து, கடைசி வரிசையைத் தேடுகிற முகம். காக்கிச் சட்டைக்கு மேல் வேறு சட்டை மாட்டிக்கொண்டு ஒரு பஸ் ஓட்டுநர் வந்தார். தையல்கடை வைத்திருக்கிற அக்கா ஒருத்தி, கழுத்தில் அளவெடுக்கிற நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தாள். இவள் எல்லோர் பெயரையும் கேட்டாள், உட்காரச் சொன்னாள், பாடப்புத்தகம் இன்னும் வரவில்லை என்றவர்களுக்கு அனுப்புப் பிரிவின் எண்ணைச் சொன்னாள். மைக்கில் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். வாய் எல்லாவற்றையும் தானாகவே செய்தது.

“முகம் மாறுறவரைக்கும் காத்திருக்கணுமா மேடம்?” என்றார் ஓட்டுநர். “எங்க வீட்லகூட அதே கணக்குதான். நான் ஒண்ணு சொல்லுவேன். அவங்க முகம் மாறும். அப்புறம் நான் ஓடிடுவேன்.”

கூடம் சிரித்தது. அவளும் உதட்டை இழுத்தாள்.

குழலிசை நின்றது. திரையில் அவன் வந்தான். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெளிர்நீலச் சட்டை. காலரில் ஒரு சுருக்கம் இருக்கிறது, திருப்பிக் கொடுங்கள் என்று அவள் கேட்டும், நேரமாச்சு என்று போட்டுக்கொண்டு போனது. அந்தச் சுருக்கம் பெரிய திரையில் நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் தலைவி, மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஒரு வரைபடம்.

“வணக்கம். நீங்க தனியா படிக்கப் போறதில்ல. தள்ளி இருந்து படிக்கப் போறீங்க. ரெண்டுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு,” என்று ஆரம்பித்தான்.

அது அவளுடைய வாக்கியம். என்றோ ஒருநாள் சாப்பிடும்போது, அழுதுகொண்டே தொலைபேசியில் பேசிய ஒரு மாணவியிடம் இப்படிச் சொன்னேன் என்று அவனிடம் சொல்லியிருந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பான். அவளுக்கு அதில் ஒரு ரகசிய சந்தோஷம் இருந்தது, எல்லா மையங்களிலும் தன் குரல் அவன் வாயிலிருந்து கேட்பதாக.

கையில் இருந்த குச்சியால் வரைபடத்தைத் தொட்டுத் தொட்டு விளக்கினான். மேலே துணைவேந்தர். அவருக்குக் கீழே கல்விப்புலங்கள். அங்கே பாடத்தை எழுதுகிறவர் ஒருவர், திருத்துகிறவர் ஒருவர், மாணவருக்குப் புரிகிறதா என்று படித்துப் பார்க்கிறவர் ஒருவர். எழுதியவரை யாரும் பார்க்கப் போவதில்லை, அதனால் எழுத்தே பேச வேண்டும். பக்கத்தில் அச்சுப் பிரிவு, அனுப்புப் பிரிவு, தேர்வுப் பிரிவு. அதற்குக் கீழே மண்டல அலுவலகங்கள். அதற்கும் கீழே படிப்பு மையங்கள். ஒவ்வொரு பெட்டியும் இன்னொரு பெட்டியோடு கருப்புக் கோட்டால் சேர்ந்திருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிகளுக்குள் இருக்கிறவர்களை எல்லாம் அவளுக்குத் தெரியும், நேரில் பார்க்காமலே. அனுப்புப் பிரிவில் இருக்கிறவர் தொலைபேசியை எடுத்ததும் முதலில் பெருமூச்சு விடுவார். தேர்வுப் பிரிவில் ஒரு பெண், நாளைக்குக் கூப்பிடுங்க என்பதைப் பாட்டு மாதிரி சொல்லுவாள். இவர்கள் யாரும் மாணவரைப் பார்த்ததில்லை. தபால் தொலைந்தாலும், மதிப்பெண் மாறி வந்தாலும், பாடம் புரியாவிட்டாலும், ஒரு மாணவன் கோபித்துக்கொள்ள இருக்கிற ஒரே மனித முகம் ஞாயிற்றுக்கிழமை முகம்தான். இத்தனை பெட்டிகளும் சேர்ந்து கடைசியில் தன் முகமாகத்தான் ஆகின்றன என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதைப் பெருமையாகத்தான் இதுவரை நினைத்திருந்தாள்.

“கடைசியா, பாட ஆலோசகர்கள்,” என்றான் அவன். “உண்மையைச் சொல்லணும்னா இவங்கதான் நம்ம பல்கலைக்கழகத்தோட உயிர்.”

உயிர் என்று சொன்ன பெட்டி வரைபடத்தின் அடியில், சட்டத்தை ஒட்டி இருந்தது. அதற்கு மட்டும் கருப்புக் கோடு இல்லை. புள்ளி புள்ளியாக ஒரு கோடு போய்ச் சேர்ந்தது.

கேள்வி நேரம் வந்தது. மற்ற மையங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. தேர்வு எப்போது, புத்தகம் எப்போது, வீட்டில் எழுதுகிற ஒப்படைப்பை யாரிடம் கொடுப்பது. தையல்கார அக்கா ஓட்டுநரின் முழங்கையை இடித்து ஏதோ சொன்னாள். அவர் எழுந்து வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். சட்டையைச் சரிசெய்துகொண்டார், திரையில் இருப்பவர்களால் தன்னைப் பார்க்க முடியாது என்பதை மறந்து.

“வணக்கம் சார். பஸ் ஓட்டறேன் சார். ரோட்டுல முழுக் கோடு போட்டிருந்தா தாண்டக் கூடாது, புள்ளிக்கோடுன்னா தாண்டலாம். உங்க படத்துல எல்லாருக்கும் முழுக் கோடு இருக்கு. எங்க மேடத்துக்கு மட்டும் புள்ளிப் புள்ளியா இருக்கு. கோடு போட மை தீந்துபோச்சா சார்?”

சொல்லிவிட்டு, சொல்லிக்கொடுத்தபடியே நிறுத்தினார். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அவன் முகம் மாறாமல் இருந்தது. இருந்தது. பிறகு விரிந்து சிரித்தது. தலைவியும் குலுங்கிச் சிரித்தார்.

“நல்ல கேள்வி,” என்றான் அவன். குச்சியைப் புள்ளிக்கோட்டின் மேல் வைத்தான். “முழுக் கோடுன்னா முழுநேர ஊழியர்கள். இது பகுதிநேரம். அவங்க வசதிக்காகத்தான் அப்படி. அவங்களே விரும்பித்தான் வர்றாங்க. இதுக்கு மேல எதுவும் வேணும்னு அவங்க கேக்கறதில்ல.”

பலகை ஓரத்தின் அந்தக் கைக்குட்டை அளவு இடத்தில் கேள்விகளைக் குறித்துக்கொண்டிருந்த அவள் கையில் சாக்குக்கட்டி உடைந்தது. உடைந்த துண்டு உருண்டு சாவியண்ணன் காலடியில் போய் நின்றது. அவர் குனிந்து எடுத்தார். எடுத்தும் நிமிரவில்லை.

“அது நம்ம சாரோட வீட்டம்மா இருக்கற மையம்தானே?” என்று தலைவி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். “மேடம் பக்கத்துல இருந்தா மைக்கை அவங்ககிட்ட குடுங்க. எவ்வளவு காலமா ஒருநாள் தவறாம வர்றாங்க. புது மாணவர்களுக்கு ரெண்டு வார்த்தை சொல்லட்டும். சாருக்கும் வீட்ல பேச நேரமிருக்காது, இங்கயே கேட்டுக்கட்டும்.”

ஓட்டுநர் சந்தோஷமாக மைக்கை அவளிடம் நீட்டினார்.

வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவளுக்குள் ஒன்று சொன்னது. எப்போதும் சொல்வதுதான். வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். அவன் முதலில் பதறுவான். பிறகு அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வான். நம்ம நல்லதுக்குத்தாம்மா, உன்னை விட்டுட்டு நான் அங்க போய்த் தனியா என்ன பண்ணுவேன் என்பான். அதுவும் பொய்யாக இருக்காது. அதுதான் கஷ்டம். அவன் கைச்சூட்டில் இவள் கேட்க வந்தது கரைந்து, கடைசியில் அவனைத் தேற்றிக்கொண்டிருப்பாள். அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். குழு கூடிவிடும்.

இங்கே அவன் கை எட்டாது. பாதியில் குறுக்கே பேசவும் முடியாது. சொன்னது முழுசாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவன் முகமே மாற முடியும். பக்கத்தில் தலைவி இருக்கிறார்.

அவள் மைக்கை வாங்கிக்கொண்டாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள். முன் வரிசையில் தையல்கார அக்கா, முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளையைப் போல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், வணக்கம்,” என்றாள். தன் குரல் இவ்வளவு தெளிவாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. “நிகழ்ச்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி உங்க மைக் திறந்திருந்துச்சு. நான் சீக்கிரமே வந்துட்டேன். எப்பவும் சீக்கிரம்தான் வருவேன், அவருக்குத் தெரியும். என்னைக் கேட்டதா சொன்னாரு. என்னை யாரும் கேக்கல மேடம். நானும் இத்தனை வருஷமா வாயைத் திறந்து கேக்கல.”

மூச்சை இழுத்துக்கொண்டாள்.

“இப்ப கேக்கறேன். எனக்கு அந்த வேலை வேணும்.”

ஒரு தடவைதான் சொன்னாள். சொல்லிவிட்டு நிறுத்தினாள். பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். கூடத்தில் யாரும் அசையவில்லை. சாவியண்ணனின் இடுப்பில் சாவிகள்கூட அசையவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அங்கே அவன், காலரில் அந்தச் சுருக்கத்தோடு, குச்சியின் முனையைப் புள்ளிக்கோட்டின் மேல் வைத்தபடி, மனைவி என்ன சொல்லப்போகிறாள் என்று ஆசையாகச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.